பிள்ளைக்கு மரப்பு ஊசி: பினாங்குப் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகள்

பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியின் மயக்க மருந்துப் பிரிவில் 22 வருடம் எம்.ஏ.வாக வேலை செய்தேன். டாக்டருக்குப் பக்கத்தில் நின்று மெஷினைச் சரிபார்த்து, மருந்தை எடுத்துக் கொடுக்கும் மருத்துவ உதவியாளர் வேலை அது. பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் பக்கமிருந்து விடியற்காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலம் கடந்து வருகிற நம் ஆட்கள், என் முகத்தைப் பார்த்ததும் "அண்ணே, தமிழா? ஒண்ணு கேக்கலாமா?" என்பார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்கியதெல்லாம் அப்போது வெளியே வரும். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு எது சரி என்பதை அவனை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

மரப்பு ஊசி என்றால் என்ன? முழு மயக்கத்திலிருந்து எப்படி வேறு?

முழு மயக்கத்தில் பிள்ளை தூங்குகிறான், மூளை வலியை அறிவதில்லை. மரப்பு ஊசி, வலியைக் கொண்டுபோகும் நரம்பை வழியிலேயே மறிக்கிறது. இடுப்புக்குக் கீழே மட்டும், ஒரு கை மட்டும், ஒரு கால் மட்டும் என்று அந்தப் பகுதி சில மணி நேரம் மரத்துக் கிடக்கும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். அதனால் முழு மயக்கத்துக்கான மருந்து குறைவாகவே போதும், கண் விழிக்கும்போது வலி இருக்காது, மூச்சை மந்தமாக்கும் மார்ஃபின் வகை மருந்தும் அதிகம் தேவைப்படாது. கையெழுத்துப் போடும் படிவத்தில் "பியுஸ்" என்று மலாயில் இருக்கும். அந்தச் சொல் இந்த இரண்டையும் குறிக்கும். எது எது கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எந்த ஆப்பரேஷனுக்கு இதைப் போடுவார்கள்?

குடலிறக்கம், விதை கீழே இறங்காதது, சிறுநீர்த் துளை இடம் மாறியிருப்பது, சுன்னத்து, கால் வளைவைச் சரிசெய்வது, கை எலும்பு முறிவு. அதிகமாகப் போடப்படுவது 'காடல்' என்று சொல்லும் ஊசி. முதுகெலும்பு முடிகிற இடத்தில், பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே, எலும்பில் இயற்கையாகவே ஒரு சிறு திறப்பு உண்டு. அதன் வழியாக மருந்து போகும்.

பிள்ளை தூங்கிய பிறகு முதுகில் குத்துகிறார்களாமே? எங்கே குத்துகிறது என்று அவனால் சொல்ல முடியாதே?

நல்ல கேள்வி. பெரியவர்களுக்கு முழித்திருக்கும்போதே போடுவார்கள். நரம்பில் பட்டால் "சுரீர்னு இருக்கு" என்று அவர்கள் சொல்வார்கள், அது ஒரு காவல். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் காவல் பயன்படாது. பயத்தில் உதறுவான், நான்கு பேர் பிடிக்க வேண்டியிருக்கும், ஊசி போகும் நேரத்தில் திமிறினால் அதுதான் பெரிய ஆபத்து. அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 50,000-க்கும் மேற்பட்ட ஊசிகளைக் கணக்கெடுத்து, 2014-ல் முடிவை வெளியிட்டன. தூங்கும் பிள்ளைக்குப் போட்டதால் சிக்கல் கூடவில்லை என்று தெரிந்தது. 2015-ல் அமெரிக்க, ஐரோப்பிய மரப்பு ஊசி டாக்டர்களின் சங்கங்கள் சேர்ந்து, மயக்கத்தில் போடுவது ஏற்றுக்கொள்ளத்தக்க முறை என்று அறிவித்தன. பிள்ளை வாய்விட்டுச் சொல்ல முடியாததை மானிட்டரும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் மெதுவான கையும் ஈடுகட்ட வேண்டும். கீழே வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடுமா?

இதைக் கேட்காத பாட்டியை நான் பார்த்ததில்லை. அந்தப் பயத்தைத் தள்ளிவிடவும் மாட்டேன், ஏனென்றால் கேட்பவர் யாரோ ஒருவரின் கதையை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்.

முதலில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் அதே கூட்டமைப்பு 2018-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளின் கணக்கை வெளியிட்டது. நிரந்தரமான நரம்புப் பாதிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. தற்காலிகமாக உணர்வு குறைந்து பிறகு சரியானது 10,000-க்கு ஏறக்குறைய 2 பேருக்கு. பிரெஞ்சு மொழி பேசும் நாடுகளில் 31,132 ஊசிகளைப் பின்தொடர்ந்து 2010-ல் வந்த ஆய்வில், மொத்தச் சிக்கல்கள் 0.12 சதவீதம். அதில் இன்னொன்றும் தெரிந்தது: முதுகுப் பக்கம் போடும் ஊசிகளில், கை கால் நரம்பருகே போடுவதைவிட ஆறு மடங்கு சிக்கல் அதிகம். அதனால்தான் கையிலோ காலிலோ வயிற்றுச் சுவரிலோ போட்டாலே போதும் என்றால், டாக்டர்கள் இப்போது அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "முதுகில் போடாமல் அந்த இடத்தில் மட்டும் போட முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அடுத்தது, உடம்பின் அமைப்பு. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு வரிசையின் முதல் கண்ணியருகே முடிகிறது. பிறந்த குழந்தைக்கு அது மூன்றாவது கண்ணி வரை இறங்கியிருக்கும். தண்டுவடத்தைச் சுற்றிய நீர்ப் பையும் இன்னும் கீழே வரும். பெரியவருக்குப் பாதுகாப்பான உயரம் கைக்குழந்தைக்குப் பாதுகாப்பாக இருக்காது. அதனால் பிள்ளைகளுக்கு ஊசி போட்டுப் பழகிய கை வேண்டும். பிள்ளையின் முதுகுக்குக் கீழே பள்ளமோ, முடிக்கற்றையோ, மச்சம் போன்ற திட்டோ இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். உள்ளே தண்டுவடம் வேறு மாதிரி அமைந்திருப்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். குளிப்பாட்டும் அம்மாவுக்குத்தான் இதெல்லாம் முதலில் கண்ணில் படும்.

மருந்து கூடிப்போனால் என்ன ஆகும்? அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

என்னைக் கேட்டால், பாதுகாப்பில் பாதி இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எல்லாம் எடையை வைத்து. பியூபிவாகெயின் என்ற மரப்பு மருந்துக்கு வழக்கமான உச்ச வரம்பு ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், கைக்குழந்தைக்கு அதைவிடக் குறைவு. 12 கிலோ பிள்ளை என்றால் 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அந்த மருந்து 0.25 சதவீதம், 0.5 சதவீதம் என இரண்டு வலிமையில் வருகிறது. 0.25 என்றால் 12 மில்லியில் 30 மில்லிகிராம். தவறி 0.5-ஐ எடுத்து அதே 12 மில்லியைப் போட்டால் 60 மில்லிகிராம் உள்ளே போய்விடும். கண்ணுக்கு இரண்டும் தண்ணீர் போலத்தான் தெரியும். அதனால்தான் நான் ஆம்பூலை, அதாவது அந்தச் சிறு மருந்துக் குப்பியை, எடுத்து டாக்டரிடம் காட்டி, பெயர், வலிமை, காலாவதித் தேதி மூன்றையும் சத்தமாகப் படிப்பேன். அவரும் படிப்பார். பிறகு சிரிஞ்சில் லேபிள் ஒட்டுவோம். பெயர் ஒட்டாத சிரிஞ்சை யாரும் தொடக் கூடாது. டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தை முதுகு ஊசியென நினைத்து மாற்றிப் போட்ட துயரங்கள் பல நாடுகளில் நடந்து, உலக சுகாதார நிறுவனம் 2022-ல் எச்சரிக்கை விட்டது. அதன் பிறகு இதெல்லாம் வெறும் சடங்கு என்று யாரும் சொல்ல முடியாது.

அறுவை டாக்டரும் தையல் போடுமுன் காயத்தில் மரப்பு மருந்து விடுவது உண்டு. இரண்டு பேர் கொடுப்பதும் ஒரே கணக்கில் சேர வேண்டும். நல்ல குழுவில் அறுவை டாக்டர் கேட்பார், "எனக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது?" என்று. அதைக் கேட்டாலே எனக்கு மனசு நிம்மதியாகும்.

எடை என்று வரும்போது ஒன்று. முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், ஒரு பிள்ளையின் தாளில் 10.6 கிலோ 16 என்று ஏறிவிட்டது. புள்ளியும் சைபரும் காணாமல் போயின. அவன் அம்மா தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "பதினாறா? என் பிள்ளை அவ்வளவு இல்லையே மிஸ்ஸி" என்றார். அவ்வளவுதான், மறுபடி எடை பார்த்தார்கள். படித்தவர் இல்லை அந்த அம்மா. ஆனால் தினமும் இடுப்பில் தூக்கும் கைக்குத் தெரியாதா! ஆப்பரேஷனுக்கு வருகிற வாரத்தின் எடையை நீங்களும் மனதில் வைத்திருங்கள். கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) புத்தகத்தில் ஆறு மாதத்துக்கு முன் எழுதியது உதவாது.

மருந்து இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால்?

எப்போதாவது நடக்கிற, ஆனால் எல்லோரும் தயாராக இருக்க வேண்டிய ஆபத்து இது. பெரியவர் என்றால் காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை என்று சொல்வார். தூங்கும் பிள்ளை சொல்ல மாட்டான், இதயத் துடிப்பின் கோடுதான் சொல்லும். ஆகவே முதலில் கொஞ்சம் மட்டும், துடிப்பை வேகமாக்கும் அட்ரினலினை மிகச் சிறிய அளவு கலந்து போட்டுவிட்டு மானிட்டரைப் பார்ப்பார்கள். துடிப்பு வேகமானாலோ அலையின் வடிவம் மாறினாலோ நிறுத்திவிடுவார்கள். பிறகும் ஒரேயடியாகத் தள்ளுவதில்லை. கொஞ்சம், பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது, மறுபடி கொஞ்சம்.

அதையும் தாண்டி நடந்தால், 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் இருக்கிறது. பால் போல வெள்ளையாக இருக்கும். கிலோவுக்கு 1.5 மில்லி கணக்கில் இரத்தக் குழாயில் ஏற்றினால், இதயத்தைப் பிடித்திருக்கும் மருந்தை அது இழுத்துக்கொள்ளும். 1998-ல் எலிகளில் கண்டுபிடித்தார்கள், 2006-ல் ஒரு மனித உயிரைக் காத்ததாக முதல் அறிக்கை வந்தது. மேலே சொன்ன 2018 கணக்கில், இப்படிக் கடுமையாக மருந்து ஏறியது 10,000-க்கு ஒன்றுக்கும் குறைவு. ஆப்பரேஷன் தியேட்டரில் அந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது என்பது அங்குள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் காலையில் உள்ளே போனதும் முதலில் அந்த அலமாரியைத்தான் திறந்து பார்ப்பேன்.

கைக்குழந்தைக்கு ஏன் இன்னும் கவனம்?

இந்த மருந்துகளை இரத்தத்தில் கட்டிவைக்கும் ஒரு புரதம் முதல் ஆறு மாதத்தில் குறைவு. உடைத்து வெளியேற்றும் கல்லீரலும் இன்னும் முதிரவில்லை. அதனால் கட்டில்லாத மருந்து அதிகமாக ஓடும், தேங்கும். சிறு குழாய் வைத்துத் தொடர்ந்து சொட்டவிட்டால் அளவை வெகுவாகக் குறைத்து, நாள் கணக்கையும் சுருக்குவார்கள். ரோபிவாகெயின், லெவோபியூபிவாகெயின் என்ற வேறு இரண்டு மரப்பு மருந்துகளும் இதயத்துக்கு ஓரளவு சாதுவானவை, கிடைக்குமிடத்தில் அவற்றை விரும்புவார்கள்.

ஸ்கேன் பார்த்துப் போடுவது நல்லதா?

நல்லது. சிறு பிள்ளைகளின் முதுகெலும்பு இன்னும் குருத்தாக இருப்பதால் உள்ளே நன்றாகத் தெரியும், மருந்து பரவுவதையும் திரையில் காணலாம். குறைந்த மருந்திலேயே வேலை முடியும். ஆனால் மெஷின் இருந்தால் மட்டும் போதாது, பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

இடது வலது மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

மாறக்கூடிய இடம்தான். குடலிறக்கம் இடது பக்கம் என்றால், பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைத்ததும் யாருக்கும் ஒரு கணம் குழம்பும். கத்தி வைக்குமுன் எல்லோரும் நின்று பெயர், பக்கம், ஆப்பரேஷன் என்று சரிபார்ப்பது 2008-லிருந்து உலக சுகாதார நிறுவனம் பரப்பிய வழக்கம். மரப்பு ஊசியோ அந்தச் சரிபார்ப்புக்கு முன்பே போய்விடுகிறது! ஆகவே ஊசி தொடுமுன் தனியாக ஒரு நிறுத்தம் வேண்டும். அறுவை டாக்டர் பேனாவால் அம்புக்குறி போடும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், "இதுதானே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிள்ளை அதைத் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் என்னென்ன சொல்ல வேண்டும்?

சளி, இருமல், காய்ச்சல் எதையும் மறைக்காதீர்கள். "தேதி கிடைக்க மூணு மாசம் ஆச்சு, சொன்னா தள்ளிப் போட்ருவாங்க" என்று மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தள்ளிப் போட்டால் நாள்தான் போகும். சும்மா சும்மா மூக்கில் இரத்தம் வருவது, அடிபட்டால் நீலம் பாரிப்பது, வீட்டில் யாருக்காவது இரத்தம் உறையாத நோய், மயக்க மருந்தில் யாருக்காவது நடந்த ஆபத்து, வலிப்பு, பல் பிடுங்கும் ஊசிக்கு ஒவ்வாமை இதையும் சொல்லுங்கள். சீன மருந்துக் கடையிலோ நாட்டு மருந்துக் கடையிலோ வாங்கிக் கொடுப்பதையும் பொட்டலத்தோடு கொண்டுவாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

அரைஞாண் கயிறு, திருஷ்டிக் கயிறு, காப்பு?

முந்தின நாளே வீட்டில் கழற்றுங்கள். தண்ணீர்மலைக் கோயிலில் மந்திரித்துக் கட்டியது என்றால் கத்தரிக்க எங்களுக்கும் மனசு வராது, உங்களுக்கும் வராது. ஆனால் காடல் ஊசி போடும் இடத்தைச் சுற்றிக் கிருமிநாசினி தடவிக் காயவிட வேண்டும், அழுக்கேறிய கயிறு அங்கே இருக்க முடியாது. வெள்ளி அரைஞாண் இருந்தால், இரத்தம் நிற்கச் சுடும் மின்கருவியால் தோல் வெந்துவிடலாம். கயிற்றைச் சாமிப் படத்தடியில் வைத்து, வீடு திரும்பியதும் கட்டிவிடுங்கள். அன்றைக்கு முதுகில் எண்ணெயும் பவுடரும் வேண்டாம், நகத்தில் பாலிஷும் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நகத்தின் வழியாகத்தான் பார்க்கிறது.

பசியில் அழுகிறானே, கொஞ்சம் மைலோ கொடுத்தால் என்ன?

மைலோவில் பால் இருக்கிறது, அது வயிற்றில் நிற்கும். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மரப்பு ஊசி மட்டும்தானே என்று நினைக்காதீர்கள், ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வரும். பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம் என்பார்கள். தண்ணீர் போன்ற தெளிந்த பானத்துக்கு இடைவெளி மிகக் குறைவு. அதனால் எத்தனை மணி வரை தண்ணீர் கொடுக்கலாம் என்று கட்டாயம் கேளுங்கள். பாவம், தேவையில்லாமல் ராத்திரியிலிருந்து காய விடுகிறவர்களும் உண்டு. தாத்தா பாட்டியிடமும் சொல்லி வையுங்கள். வாசலில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்து ஆப்பரேஷனே நின்றுபோன நாள்கள் இருக்கின்றன.

கையில் தடவும் மரப்பு கிரீம் பாதுகாப்பானதா?

ஊசி குத்தும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பு தடவி மேலே பிளாஸ்டிக் ஒட்டும் எம்லா கிரீமில் லிக்னோகெயினும் பிரிலோகெயினும் இருக்கின்றன. சொன்ன அளவுக்கு மேல் தடவக் கூடாது. பிரிலோகெயின் இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கலாம். ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுவில் ஒரு நொதி குறைவாக இருப்பது) உள்ள பிள்ளைக்கு இந்த ஆபத்து கூடுதல். மலேசியாவில் பிறந்ததுமே தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பார்க்கிறார்கள். முடிவு குழந்தையின் புத்தகத்தில் இருக்கும், அதைக் கொண்டுவாருங்கள்.

பள்ளி விடுமுறையில் சுன்னத்து செய்கிறோம். கிளினிக்கில் முழித்திருக்கும்போதே ஊசி போடுவது பரவாயில்லையா?

பயப்படாத, கொஞ்சம் பெரிய பையன் என்றால் அப்படிச் செய்யலாம். எடை பார்த்தார்களா, மருந்து வேலை செய்யச் சில நிமிடம் காத்திருந்தார்களா, ஆக்சிஜனும் அவசர மருந்தும் அறையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இந்த ஊசியில் அட்ரினலின் கலந்த மருந்தைத் தவிர்ப்பது வழக்கம், இரத்த ஓட்டம் குறைந்துவிடும் என்பதால். வரிசையில் 30 பையன்கள் நின்றாலும் ஒவ்வொருவனுக்கும் அவனவன் எடைக்குத்தான் கணக்கு. வலிக்கிறது என்று கத்தினால் "ஆம்பளைப் பிள்ளை அழலாமா" என்று அடக்காதீர்கள். மரப்பு பிடிக்கவில்லை என்றுதான் அவன் சொல்கிறான்.

மயக்க மருந்தால் மூளை மந்தமாகுமா?

7 நாடுகளில் குடலிறக்கம் இருந்த 722 கைக்குழந்தைகளில், பாதிப் பேருக்கு முழித்த நிலையில் முதுகு மரப்பு ஊசியும் மற்றவர்களுக்கு முழு மயக்கமும் கொடுத்தார்கள். ஐந்து வயதில் அறிவுத்திறனைச் சோதித்தார்கள். 2019-ல் வந்த முடிவு: வித்தியாசம் இல்லை. அவர்கள் பார்த்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஒரே மயக்கம். நீண்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் ஆப்பரேஷன் என்றால் டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள்.

கண் விழித்ததும் கால் அசையவில்லையே!

மரத்திருக்கிறது. காடல் ஊசி என்றால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வலி தெரியாது, கால் பலம் பெரும்பாலும் அதற்கு முன்பே திரும்பும். அதுவரை தனியாக எழுந்து நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டே டாய்லெட்டுக்குப் போங்கள். சுடுதண்ணீர்ப் பை, ஒத்தடம், வேப்பிலை சுடவைத்து வைப்பது எதுவும் வேண்டாம். மரத்த தோல் வெந்தாலும் பிள்ளைக்குத் தெரியாது. பல் ஆப்பரேஷன் என்றால் உதட்டைக் கடித்துக்கொள்வான், பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வலி மருந்து எப்போது கொடுப்பது?

அழ ஆரம்பித்த பிறகு கொடுத்தால் தாமதம். மரப்பு விடுவதற்கு முன்பே முதல் வேளை உள்ளே போயிருக்க வேண்டும், முதல் ராத்திரி கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். எழுப்பிக் கொடுக்கச் சொன்னார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே பாரசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வலிமையில் கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒன்று கொடுத்து, வீட்டு அலமாரியில் இன்னொன்று இருந்தால், அதே கரண்டி அளவு இரண்டு மடங்காகிவிடும். பாட்டிலைப் படியுங்கள். கோடீன் கலந்ததை 12 வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள், ஆஸ்பிரினும் வேண்டாம்.

கை முறிந்த பையனுக்கு மரப்பு ஊசி வேண்டாம் என்கிறார்களே?

மரம் ஏறி விழுந்து முழங்கைப் பக்கம் முறியும்போது, உள்ளே வீங்கி இரத்த ஓட்டத்தையே நெரித்துவிடலாம். தாங்க முடியாத வலிதான் அதன் முதல் எச்சரிக்கை. மருந்து அந்த எச்சரிக்கையை மறைத்துவிடக் கூடாது என்று சில டாக்டர்கள் ஊசியைத் தவிர்ப்பார்கள், அல்லது வலிமை குறைத்துப் போடுவார்கள். அதுவும் பாதுகாப்புக்காகத்தான்.

எப்போது திரும்ப ஓட வேண்டும்?

மறுநாள் காலையிலும் கால் மரத்திருந்தால். எட்டு மணி நேரமாகியும் சிறுநீர் போகாவிட்டால். ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால். கட்டுப் போட்ட கையில் மருந்துக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், விரல் வெளுத்தால், நீலமானால், விரலை நீட்டினாலே அலறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் என்றால் 999.

வார்டை விட்டுக் கிளம்புமுன் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள்: போட்ட மருந்தின் பெயர், போட்ட நேரம், அடுத்த வலி மருந்தின் நேரம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.